பன்வில வாசகரும் மலையக நூல்களும்: பரிந்துரை பற்றிய சில அவதானங்கள்

ஒரு நூலை நன்றென மதிப்பிடுவது ஒரு செயல். அதனை இன்னொருவர் கையிற் கொடுத்து வாசிக்கும்படி சொல்லுவது வேறொரு செயல். ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு முன்னதைச் செம்மையாகவே செய்து வந்திருக்கிறது. கா. சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' (1967), க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) ஆகியவை இலக்கியத்தை அது பிறந்த சமுதாயத்தோடு பொருத்தி நோக்கும் பயிற்சியை நமக்கு அளித்தன. பின்னதைப் பற்றியோ நாம் அதிகம் சிந்தித்ததில்லை. "அனைவரும் வாசிக்கவேண்டிய நூல்" என்று மதிப்புரையின் இறுதியில் ஒரு வரி எழுதிவிட்டு அமைந்துவிடுகிறோம். அந்த 'அனைவரும்' என்ற சொல்லில் நூலின் கதைமாந்தராக வருவோர் அடங்குவரா என்ற கேள்வி எழுவதில்லை. மலையக இலக்கியத்தைப் பொறுத்தவரை இது சிறிய கேள்வியன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி அவர்கள் வாசிப்பர் என்ற எதிர்பார்ப்பின்றியே எழுதப்பட்டது. அவர்கள் வாசிக்கவில்லை என்ற அறிவுடனேயே விமரிசிக்கப்பட்டது.

கண்டியிலிருந்து வத்தேகமை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தை நோக்கி ஏறும் வீதி பன்வில கடைத்தெருவைத் தொட்டு மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கங்களுக்குப் பிரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் இம்மலைகளிற் பயிராயின. சிங்களக் கிராமங்களும் தமிழர் வாழும் தோட்டங்களும் ஒரே சரிவில் மேலும் கீழுமாக அமைந்த பகுதி இது. மலையக இலக்கியம் என்றதும் ஹற்றன், தலவாக்கலை, பதுளை ஆகிய இடங்களே நினைவுக்கு வருகின்றன. பன்வில அந்த வரைபடத்தில் அரிதாகவே குறிக்கப்படுகிறது. சென்ற ஆண்டு இப்பகுதித் தோட்டமொன்றிற் சிலர் கூடி, மாதம் இருமுறை, ஞாயிறு பிற்பகல்களில் நூல்களை வாசித்தோம். கொழுந்து எடுக்கும் பெண்கள் நால்வர், ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், கொழும்பிற் கடையொன்றில் வேலைசெய்து திரும்பிய இளைஞர் இருவர், உயர்தர வகுப்பு மாணவியர் சிலர், நான். நூல்களைத் தெரிந்து கொடுக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருந்தது. இக்கட்டுரை அவ்வாசிப்பின் அறிக்கையன்று. நான் தெரிந்த நூல்கள் பற்றி எனக்கிருந்த மதிப்பீடுகள் அவ்வாசிப்பிலே எவ்வாறு திருத்தம் பெற்றன என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கவேண்டும். தோட்ட மக்களிடம் வாசிப்பு மரபு இல்லை என்று சொல்லப்படுவதுண்டு. தனியாக அமர்ந்து மௌனமாக வாசிக்கும் மரபு மட்டுமே வாசிப்பு எனக் கொண்டால் அக்கூற்றுப் பொருந்தலாம். அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, தேசிங்குராசன் கதை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் லயத்து வாசல்களில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் நூல்களாக இருந்தன. எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தாற் போதும்; லயம் முழுவதும் வாசகராயிற்று. கோ. நடேசய்யர் இம்மரபை நன்குணர்ந்தவர். புடைவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டவர் அவர். தொழிற்சங்கப் பணியோடு பத்திரிகையும் சிறுநூல்களும் இடையறாது வெளியிட்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடல்களைப் பாடினார். அவை சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. 1940இல் வெளியான 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' அவ்வாறானது. அச்சிட்ட தாள் எழுத்தறியாதவரிடமும் சென்று சேரப் பாட்டு வாகனமாயிற்று. இன்று நமது சஞ்சிகைகள் பயன்படுத்தும் 'வாசகர் பரப்பு' என்ற தொடருக்கு மீனாட்சியம்மாள் அளித்த விளக்கம் இதுவெனலாம். நாங்களும் உரத்து வாசிப்பதையே முறையாகக் கொண்டோம். அதன் வரம்பு பின்னர் தெரியவந்தது.

நான் முதலிற் கொண்டுசென்றது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த இந்நெடுங்கதை, வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்ல நேர்ந்து சீரழிவதைச் சொல்லுகிறது. தமிழ்ப் புனைகதையில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரைக் கலைவன்மையுடன் நோக்கிய முன்னோடிப் படைப்புகளுள் ஒன்றென்பதிலும், சாதிக் கொடுமையும் குடியேற்றப் பொருளாதாரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அது துல்லியமாகக் காட்டுகிறதென்பதிலும் எனக்கு ஐயமில்லை. வகுப்பறையில் அதனைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். பன்விலயில் அது வாசிக்கப்பட்டபோது அமைதி நிலவியது. முடிந்ததும் கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் கேட்டார்: "கஷ்டம் எல்லாம் சரி சேர். ஆனா இதுல எங்க வேலை எங்க?"

அக்கேள்வியை நான் எந்த விமரிசன நூலிலும் கண்டதில்லை. புதுமைப்பித்தன் இலங்கைக்கு வந்தவரல்லர் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆயின் அப்பெண் சுட்டியது இடவிவரத்திலுள்ள குறையை அன்று. அக்கதையில் தோட்டம் என்பது மனிதர் துன்புறும் களம். வேலை அத்துன்பத்தின் பின்னணி. மருதிக்கு நேர்ந்தவை நேர்வதற்குத் தேயிலை இன்றியமையாததன்று. வேறெந்தப் பெருந்தோட்டமாயினும் போதும். கொழுந்து எடுத்தல் என்பது விரலும் கண்ணும் காலும் ஒருங்கே பயின்ற ஓர் அறிவு. எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது, மழைக்காலத்துச் சரிவில் எங்கே நிற்பது என்று தாயிடமிருந்து மகள் பயிலும் அறிவு. அது கதையில் இடம்பெறவில்லை. இரக்கம் கொள்ளத்தக்கவராகத் தாம் எழுதப்பட்டிருப்பதை அவர்கள் மறுக்கவில்லை. இரக்கம் கொள்ளத்தக்கவராக மட்டுமே எழுதப்பட்டிருப்பதைத்தான் கவனித்தார்கள்.

இதனால் 'துன்பக்கேணி' குறைந்த படைப்பாகிவிட்டதா? இல்லை. புதுமைப்பித்தன் தம் கதையைத் தமிழகத்து வாசகனின் மனச்சாட்சியை நோக்கி எழுதினார். அங்கே அது செய்யவேண்டியதைச் செய்தது. தவறு என் பரிந்துரையிலேயே இருந்தது. பிறர் மனத்தை உறுத்துவதற்கென எழுதப்பட்ட ஒன்றை, உறுத்தலுக்குரிய வாழ்வை வாழ்வோரிடம் 'உங்கள் இலக்கியம்' என்று கொடுத்தேன். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) குறித்தும் ஓரளவு இதையே சொல்லவேண்டும். தோட்ட வாழ்வை அருகிருந்து கண்டவர் எழுதிய நாவல் அது. ஆகவே விவரங்கள் செறிந்தது, பரிவும் மெய்யானது. ஆனாற் சான்று கூறும் கடமையுணர்வு கதையை அடிக்கடி இழுத்துப் பிடிக்கிறது. அதனை நான் மாணவியரிடம் கொடுப்பேன். பிற்பகல் வாசிப்புக்குத் தெரியமாட்டேன்.

அடுத்துக் கொண்டுசென்றது என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. 1980இல் இதே தலைப்பில் தொகுதி வெளிவந்தது. கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் ஈழத்து எழுத்தாளருக்கு, அவருள்ளும் மலையகத்தாருக்கு, அப்பத்திரிகை திறந்துவிட்ட வாயிலோடு இராமையாவின் தலைமுறையின் எழுச்சி தொடர்புடையது. கதை எளியது. கொழுந்தெடுப்பில் ஒரு பெண் காட்டிய திறமை ஐயத்துக்குள்ளாகிறது. அவள் அதனைச் செயலால் மெய்ப்பிக்கிறாள். விமரிசகர் பலர் இதனை மலையக மண்வாசனை வீசும் கதையென்று பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அச்சொல்லிற் பற்றில்லை. மண்ணுக்கு வாசனை உண்டு என்று சொல்பவர் பெரும்பாலும் அம்மண்ணிற் கால் வைக்காதவர். இக்கதையின் பெருமை மண்வாசனையில் இல்லை. தொழில் இங்கே கதையின் தர்க்கமாகவே இயங்குகிறது. தன்மானம் பற்றிய கேள்வி ஒன்று றாத்தற் கணக்கிலே தீர்க்கப்படுகிறது. கொழுந்து எத்தனை றாத்தல் என்ற எண், பிறருக்குக் கூலிக்கணக்கு. அவளுக்கோ அது நற்பெயர். மேலை நாடுகளிற் சுரங்கத் தொழிலாளர் பற்றியும் கடலோடிகள் பற்றியும் எழுந்த சிறந்த புனைகதைகளில் மட்டுமே காணக்கூடிய ஒருமைப்பாடு இது.

பன்விலயில் இக்கதை வாசிக்கப்பட்டபோது வாசிப்பு மும்முறை தடைப்பட்டது. அவ்வளவு கொழுந்து ஒரு நாளில் எடுக்க முடியுமா, எந்தப் பருவத்தில் முடியும், எந்த மலையில் முடியும் என்று பெண்கள் தங்களுக்குள் வாதிட்டார்கள். இராமையாவைக் கணக்குக் கேட்டார்கள் எனலாம். இறுதியில் மூவர் முடியுமென்றும் ஒருவர் முடியாதென்றும் தீர்ப்பளித்தனர். முடியாதென்றவர் கதை பிடித்திருந்தது என்றார். 'யதார்த்தம்' பற்றி நாம் நடத்திய நீண்ட விவாதங்களில் இவ்வளவு நேரான சோதனையை எந்தக் கதையும் எதிர்கொண்டதில்லை. தம் வேலையை அறிந்தவராக எழுதப்பட்ட மாந்தர் முன்னே வாசகர் தம்மை நிபுணராக உணர்கிறார். அதன்பின் அவர் நூலோடு வாதிடத் தயங்குவதில்லை. எனக்கு இராமையாவின் மொழிநடை சில கதைகளில் மிகையான அலங்காரமுடையதாகத் தோன்றும். அவர்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. அலங்காரத்தை ரசித்தார்கள். இங்கும் நான் என் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. அதனைப் பொதுத்தீர்ப்பெனக் கருதுவதை மட்டும் விட்டேன்.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' கதையில் எமது முறையே தடுக்கி விழுந்தது. ஒற்றைக் காம்பராவிற் குடும்பம் முழுவதும், வளர்ந்த மகள் உட்பட, ஒன்றாக உறங்கவேண்டிய நெருக்கடி உண்டாக்கும் பேசமுடியாத கூச்சம் அக்கதையின் பொருள். வீட்டு வசதியின்மை பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் எத்தனையோ உள்ளன. சதுர அடிக் கணக்கு ஒரு தகப்பனின் உடலில் என்ன செய்கிறதென்று எழுதியவர் ஜோசப். அவருடைய ஆகச் சிறந்த கதையென்றே இதனை மதிக்கிறேன். ஆகவே கொண்டுசென்றேன். இரண்டாம் பக்கத்தில் மாணவி வாசிப்பை நிறுத்திவிட்டாள். எவரும் தொடரும்படி கேட்கவில்லை. பெண்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தனர். கங்காணி இருமினார். நான் வேறொரு கதையை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, கூட்டம் கலையும் நேரத்தில், பெண்களில் ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிச் சென்றார். ஒரு மாதத்தின் பின் திருப்பித் தந்தார். வாசித்தீர்களா என்று கேட்டேன். "வாசிச்சேன் சேர். எல்லாரும் தூங்கினப்புறம், வெளியில லைட்டு வெளிச்சத்துல" என்றார். வீட்டுக்குள் ஏன் வாசிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கதை அதனையே சொல்லியிருந்தது.

'மீன்கள்' உரத்து வாசிக்கத்தக்கதன்று. அது தனியே வாசிக்கப்படவேண்டிய கதை. ஆனால் அது யாரைப் பற்றியதோ அவர்களிடம் தனிமை இல்லை. லயத்தில் உரத்து வாசிக்கும் மரபைச் சமூகத்தன்மை வாய்ந்ததென்று மேலே புகழ்ந்தேன். அம்மரபின் பின்னே ஒளிந்திருக்கும் இல்லாமையை இக்கதை எனக்குக் காட்டிற்று. தனித்து வாசிக்க ஓர் அறையும் ஒரு விளக்கும் வேண்டும். நவீனச் சிறுகதை என்ற வடிவமே அவ்வறையை முன்னனுமானமாகக் கொண்டு பிறந்தது. இவ்வுண்மையை வடிவம் பற்றிய நமது ஆய்வுகள் கணக்கிற் கொள்ளவேண்டும். எந்நூலைப் பரிந்துரைக்கிறோம் என்பதோடு, எவ்விதம் வாசிப்பதற்குப் பரிந்துரைக்கிறோம் என்பதும் மதிப்பீட்டின் பகுதியாகிறது. ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதியை இப்போது நான் கூட்டத்தில் வாசிப்பதில்லை, கேட்போரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவருடைய பிற்கால நாவலான 'குடை நிழல்' (2010) வேறு வகையில் வரவேற்புப் பெற்றது. போர்க்காலக் கொழும்பில் ஐயத்தின் பேரிற் கைதாகும் தமிழ்க் குடும்பத் தலைவன் ஒருவனின் அனுபவம் அதன் மையம். கொழும்பிலிருந்து திரும்பிய இளைஞர் இருவரும் அதனை ஒரே மூச்சில் முடித்தனர். மலையக நாவல் என்றாலே மலையில் நடப்பதென்று கருதிய நம் வகைப்பாட்டை அவ்விளைஞரின் வாழ்க்கை எப்போதோ கடந்துவிட்டது. லயத்தில் வாழும் குடும்பத்தின் ஒரு கால் கொழும்புக் கடையிலும் மற்றொரு கால் மேற்காசிய நாட்டு வீட்டுவேலையிலும் ஊன்றியிருக்கும் காலம் இது.

சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது தயக்கம் உண்டாகிறது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராக்கப்பட்டதைக் கண்டவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். மலையக இலக்கியத்தின் மூதாதை என்னும் மதிப்பு அவருக்குரியது. 'வீடற்றவன்' (1981) தோட்டத்திற் சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளி வேலையும் காம்பராவும் இழந்து தெருவில் நிற்க நேர்வதைச் சொல்லும் நாவல். தொழிற்சங்க வரலாற்றின் ஆவணமாக அதற்கு நிகரில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற தோட்டத்துச் சட்டத்தை அதன் தலைப்பே பிடித்துவிடுகிறது. ஆயினும் நாவலென்ற வகையிற் பாத்திரங்கள் பல இடங்களில் மேடையில் நின்று பேசுவதுபோலப் பேசுகின்றன. முற்போக்கு வாசகராகிய நாம் இதனைச் சொல்லத் தயங்கி வந்திருக்கிறோம். ஆசிரியரின் அரசியலோடு உடன்படுவதால் நாவலின் தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்கிறோம். பன்வில வாசகர் பொறுக்கவில்லை. கங்காணி மட்டும் விலகி நின்றார். சங்கம் முளைத்த காலத்தைத் தம் தகப்பனார் வாயாற் கேட்டிருந்த அவர், நூலிலுள்ள பேச்சுக்களை உண்மையாகவே அந்நாளில் அப்படித்தான் பேசினார்கள் என்று வாதாடினார். மேடைமொழி என்று நான் குறைகண்டது, அக்காலத்து உழைப்பாளி தன் உரிமையை முதன்முறையாகச் சொல்லக் கண்டுபிடித்த மொழியாகவும் இருக்கலாம். இவ்விடத்தில் என் மதிப்பீடு இன்னும் உறுதிப்படவில்லை.

அதே சி.வி. தொகுத்த தோட்டத்து நாட்டார் பாடல்கள் 'மாமன் மகனே' என்ற பெயரில், அவர் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1987இல் வெளிவந்தன. ஒரு தயக்கமுமின்றி எல்லோருக்கும் நான் பரிந்துரைக்கக்கூடிய நூல் இது ஒன்றே. இப்பாடல்களை நாட்டாரியற் சான்றுகளாக நோக்குவது நமது வழக்கம். பன்விலயில் அது வாசிக்கப்பட்டதெனச் சொல்ல இயலாது. ஒரு பாடலின் முதலடி வாசிக்கப்பட்டதும் மூத்த பெண்ணொருவர் அதனை வேறு சொற்களிற் பாடத் தொடங்கினார். மற்றொருவர் அதுவும் பிழை என்றார். அன்று புத்தகம் மூடியே கிடந்தது. வாசகர் நூலைத் திருத்தினர். நூல் தன் கடமையைச் செய்தது. பாடபேதம் என்பதைச் சுவடிப் பதிப்பாளரின் தொழிற்சொல்லாகவே அறிந்திருந்த எனக்கு, அது உயிருள்ள மனிதரின் பிடிவாதம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. நம் பல்கலைக்கழக மாணவர் பாடபேதங்களைப் பதிவு செய்யப் புறப்படுவாராயின், இந்நூலின் ஒரு பிரதியைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது. வெறுங்கையோடு போய் "பாட்டுத் தெரியுமா?" என்று கேட்டால் தெரியாது என்றே விடை வரும்.

கடல் கடந்த ஒரு நூலையும் சேர்த்தேன். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிலாளரை அமைப்பாக்கிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் (1969), இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' (2007) என வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் கங்காணியின் முன்பணத்திற் சிக்கி மலையேறுகிறார்கள். ஏறிய மலை வால்பாறையாக இருந்தாலும் கண்டியாக இருந்தாலும் கடனின் கணக்கு ஒன்றே. வாசித்துக்கொண்டிருந்த மாணவி ஓரிடத்தில் நிமிர்ந்து, "இது நம்ம கதைதானே, ஏன் இந்தியாவுல நடக்குது?" என்றாள். இந்நூலின் பயன் அக்கேள்வியே. மலையக மக்களின் துயரை இலங்கை அரசியலின் விளைவாக மட்டும் காணும் பார்வையும், இந்திய வம்சாவளி என்னும் பிறப்படையாளத்தால் மட்டும் விளக்கும் பார்வையும் அதன்முன் போதாதவையாகின்றன. பெருந்தோட்டம் என்ற உற்பத்தி முறைக்கு நாடு ஒரு பொருட்டன்று. பின் வந்த சட்டங்களே வேறுபாட்டை உண்டாக்கின: வால்பாறைத் தொழிலாளி வறியவனாயினும் குடிமகன், இங்குள்ளவனோ 1948இல் அதுவும் இழந்தான். நாடற்றோராய் எஞ்சியவர் நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 வரை வரவில்லை.

மாணவியருக்கும் ஆசிரியருக்கும் நான் வற்புறுத்தும் நூல் மு. நித்தியானந்தனின் 'கூலித்தமிழ்' (2014). மலையக எழுத்தின் தொடக்கங்களை மூல ஆவணங்களைத் தேடிக் கண்டு எழுதிய ஆய்வு இது. 1869இல் வெளியான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பற்றிய பகுதி தனித்துக் குறிப்பிடத்தக்கது. இலங்கையிற் கோப்பி இலைநோய் முதன்முதலிற் பதிவானதும் அதே ஆண்டிலேயே. பயிர் அழியத் தொடங்கிய வேளையில் அதனைப் போற்றும் கும்மி அச்சேறியிருக்கிறது! தொழிலாளரின் ஆட்டப்பாட்டு வடிவத்தில், ஆனால் தோட்டத்துரையின் நலன்சார்ந்து ஒலிக்கும் அந்நூலை மலையக இலக்கியத்தின் தொடக்கமெனக் கொண்டாடுவதா, தொழிலாளரின் குரல் அவர்தம் வடிவத்தைக் கொண்டே மறைக்கப்பட்டமைக்குச் சான்றெனக் கொள்வதா? கோப்பி விளைந்த இம்மலைகளின் அடியில் அமர்ந்து இதனை விவாதிப்பது ஏட்டுப்பயிற்சியாக இருக்கவில்லை. நித்தியானந்தன் நூலில் வாதம் சில இடங்களிற் சினத்தின் வேகத்தில் விரைகிறது. தலைப்பும் சிலரை உறுத்திற்று. கங்காணி அதனைக் கையிலெடுக்க விரும்பவில்லை. கூலி என்ற சொல்லை வாழ்நாளில் வசையாகக் கேட்டவருக்கு அதனை மீட்டெடுக்கும் கல்வியாளரின் துணிவு உடனே உவப்பாவதில்லை.

பிறமொழி நூல்களில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். கண்டிப் பகுதியினரான கே. கணேஷ் (1920–2004), தலாத்துஓயாவில் வாழ்ந்துகொண்டே உலக இலக்கியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தவர். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலை 1947இல் 'தீண்டாதான்' எனத் தந்தவர். அவர் மொழிபெயர்த்த லூசுன் கதைகளான 'போர்க்குரல்' இளைஞரிடையே நன்கு எடுபட்டது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' (1944) எம்.எம். உவைஸ் மொழிபெயர்ப்பில் 'கிராமப் பிறழ்வு' என்று கிடைக்கிறது. தோட்டத்துக்குக் கீழே வாழும் அயலவரை அறிய உதவுமென்று அதனைக் கொடுத்தேன். அது தென்கரையோரக் கிராமத்தின் நாவல். கோப்பிக்காகக் காடிழந்த கண்டிக் கிராமத்தின் வரலாறு வேறு. நாவல் சிறந்தது, நான் சொன்ன காரணம் பிழை.

இந்நூல்களிற் பாதிக்கு மேல் கடைகளில் இல்லை. 1970களின் தொடக்கத்தில் தமிழக வணிக இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசென்றன. அத்தகைய விநியோகம் பின்னர் அமையவில்லை. 1997இல் துரை விஸ்வநாதன் தம் துரைவி பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்ட 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய பெருந்தொகுதிகளும் இன்று தேடியலையவேண்டியவையே. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் இவ்வகை நூல்கள் பல படியெடுக்கப்பட்டுள்ளன. மாணவியர் கைப்பேசியில் அவற்றை வாசிக்கின்றனர். மூத்தவர்களுக்கு எழுத்துப் பொடியாகத் தெரிகிறது. நான் கண்ட வாசிகசாலையொன்றில் மலையக நூல்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. திறப்பு வைத்திருப்பவர் கிழமையில் ஒருநாள் வருவார் என்றார்கள். அலுமாரியின் மேல் 2023ஆம் ஆண்டு 'மலையகம் 200' நிகழ்வுகளின் சுவரொட்டியொன்று இருந்தது. அந்நிகழ்வுகளை ஒட்டி எத்தனையோ மலர்கள் வெளிவந்தன. ஒரு கூடைக் கொழுந்தின் மலிவுப் பதிப்பொன்றைத் தோட்டந்தோறும் கொண்டுசேர்க்கும் முயற்சி ஏதும் என் கண்ணிற் படவில்லை.

இப்போது ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) வாசித்துக்கொண்டிருக்கிறோம். நீண்ட நாவலாகையால் உரத்து வாசித்து முடிக்க மழைக்காலம் முழுவதும் வேண்டியிருக்கும். கைவசம் உள்ளது ஒரே பிரதி, அட்டை போய்விட்டது. முன்கதை தெரியாமற் சென்ற ஞாயிறு புதிதாக வந்த இருவருக்கு, வாசித்த அத்தியாயங்களை மூத்த பெண்ணொருவர் தம் சொற்களில் கூறினார். அவர் கூறியதில் நூலில் இல்லாத இரண்டு சம்பவங்கள் இருந்தன. மாணவி திருத்த முற்பட்டாள். வேண்டாமென்று சைகை காட்டினேன்.